முதலில் அடுப்பு, பிறகு ஜன்னல், கடைசியில் இயந்திரம்: வீட்டுக் காற்றைச் சீராக்கும் வழிகாட்டி

காற்றின் தரத்தைக் காட்டும் கைக்கடக்கமான கருவி ஒன்றை வாங்கிச் சமையலறை மேடையில் வைத்த அன்று மாலை ரசம் தாளித்தேன். கடுகு வெடித்தது, இரண்டு மிளகாய் வற்றல் கறுத்தது, பெருங்காயம் விழுந்தது. இருபத்தைந்தில் நின்றிருந்த எண் ஒரு நிமிடத்துக்குள் முந்நூறைத் தாண்டியது. எங்கள் வீடு சென்னையில், பெரிய சாலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, இரண்டாவது மாடியில் இருக்கிறது. பஸ் புகைக்குப் பயந்து சாலைப் பக்கத்து ஜன்னலை ஆண்டுக்கணக்கில் மூடியே வைத்திருந்தோம். எங்கள் வீட்டுப் புகையை நாங்களே பூட்டி வைத்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிஎம் 2.5 என்பது 2.5 மைக்ரானுக்கும் குறைந்த விட்டமுள்ள துகள்கள். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கும் தொண்டையும் இவற்றைப் பிடித்து நிறுத்துவதில்லை. நுரையீரலின் அடி வரை போய்விடும். ஒரு கன மீட்டர் காற்றில் இவை 24 மணி நேரச் சராசரியாக 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரம்பு வைத்தது. இந்தியாவின் வரம்பு 60. இரண்டுமே நாள் முழுவதற்குமான சராசரி. ஆகவே ஒரு நிமிடம் முந்நூறைக் காட்டியதும் வீட்டைக் காலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் அது ஏறி, இறங்க ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் எடுத்தால் சராசரி எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பெரும்பாலானோர் காற்று சுத்திகரிப்பான் வாங்குவதிலிருந்து தொடங்குகிறார்கள். குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது போன்ற வேலை அது. புகையின் ஊற்றை அடைப்பது முதலில், காற்றுக்கு வழி விடுவது அடுத்து, வடிகட்டுவது கடைசியில். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது.

1. ஒரு வாரம் வேவு பாருங்கள்

கருவி இருந்தால் சமையலறையில் இரண்டு நாள், கூடத்தில் இரண்டு நாள், படுக்கையறையில் மூன்று இரவு என்று வைத்து, எண் எப்போது ஏறுகிறது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஒரு எச்சரிக்கை: விலை குறைந்த கருவிகள் ஒளியைச் சிதற வைத்துத் துகளை எண்ணுபவை. நீராவித் துளியையும் தூசி என்றே கணக்கில் சேர்த்துவிடும். இட்லிப் பானையைத் திறந்ததும் எண் எகிறினால் அது பொய் எண். எண்ணெய் காய்ந்து எகிறினால் மெய்.

கருவி இல்லாவிட்டாலும் குறையில்லை. வெளியூர் போய்விட்டு மூன்று நாள் கழித்துக் கதவைத் திறக்கும்போது முதல் மூச்சில் வரும் வாசனைதான் உங்கள் வீட்டுக் காற்று. பிறகு மூக்கு பழகிவிடும். சமையலறை அலமாரியின் மேல்தட்டில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். தூசி மட்டும் என்றால் துடைத்தால் போகும். பிசுபிசுவென்று ஒட்டினால் அது எண்ணெய்ப் புகை படிந்தது. அதே புகையைத்தான் சுவாசித்தும் இருக்கிறீர்கள்.

2. சமையலறை

அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள். பலன் இங்கேதான் அதிகம்.

சமையலில் இரண்டு வகை மாசு எழுகிறது. ஒன்று, எரிவாயு எரிவதால் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள். மற்றொன்று, எண்ணெயும் மசாலாவும் காய்வதால் வரும் நுண்துகள். இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் முதலாவது நின்றுவிடும், இரண்டாவது நிற்காது. அப்பளம் எதில் பொரித்தாலும் புகைதான்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஃபேனை ஓடவிட்டு, ஒரு மெல்லிய காகிதத் துண்டை அதன் முன்னால் பிடியுங்கள். காகிதம் ஃபேனை நோக்கி இழுபட்டு வலைக்கம்பியில் ஒட்டிக்கொண்டால் வேலை செய்கிறது. தொங்கிக்கொண்டே இருந்தால் ஃபேன் சத்தம் மட்டும் போடுகிறது. எங்கள் வீட்டில் தொங்கியது. இறக்கிப் பார்த்தபோது இறக்கைகளில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து விரற்கடை கனத்துக்குக் கறுப்பாக அப்பியிருந்தது. வெந்நீரில் சலவை சோடாவைக் கரைத்து, ஊறவைத்துத் தேய்த்த பிறகு அதே ஃபேன் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டது. ஒரு காசு செலவில்லை. (அலுமினிய இறக்கைக்குச் சலவை சோடா ஆகாது, கறுத்துவிடும், பாத்திரம் கழுவும் திரவம் போதும்.)

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஃபேன் காற்றை வெளியே தள்ள வேண்டுமென்றால் அதே அளவு காற்று வேறு வழியாக உள்ளே வந்தாக வேண்டும். எல்லாக் கதவு ஜன்னல்களையும் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டால் அது திணறும், அல்லது குளியலறைச் சாக்கடை நாற்றத்தை இழுத்துவரும். சமைக்கும்போது கூடத்தின் மறுகோடியில் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதில் பயனில்லை. அங்கே உள்ளே வரும் காற்று அடுப்பைத் தொடாமலே வெளியேறிவிடும்.

சிம்னி வாங்குவதாக இருந்தால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குழாய் வெளியே போகிறதா என்பது. குழாயில்லாத வகை, கரி வடிகட்டியில் வாசனையைக் கொஞ்சம் குறைத்துவிட்டுக் காற்றை மறுபடி சமையலறைக்கே அனுப்பும். வாயுக்கள் அப்படியே திரும்பி வரும். குழாய் உள்ளதிலும் அதன் நீளமும் வளைவுகளும் கூடக் கூட இழுவிசை குறையும். அடுப்புக்கு நேர் பின்சுவரைத் துளைத்துப் போவதே நல்லது. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக வாயைத் திறந்து வைப்பவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம்.

பற்றவைக்கும் முன்பே ஃபேனைப் போடுங்கள், அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும். புகை கிளம்பும் சமையலைச் சுவரை ஒட்டிய பின் அடுப்பில் வையுங்கள். முன் அடுப்பின் புகை பாதிக்கு மேல் சிம்னிக்கு அகப்படாமல் முகத்துக்கு வரும். எண்ணெய் புகையும் வரை காத்திருக்காமல் கடுகைப் போட்டு, தாளிப்புக் கரண்டியை ஒரு தட்டால் மூடுங்கள். சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுக்கும் நாளில் வீட்டோடு தெருவும் இருமும்; அதை வெயிலில் காயவைத்து அரவை மில்லுக்கு அனுப்புவதே உத்தமம்.

அடுப்புச் சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக நாக்கை நீட்டினால் பர்னர் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். வாயு முழுதாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகும், பாத்திரத்தின் அடியும் கறுக்கும். ஊசியால் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

3. நாமே போடும் புகை

இந்தப் பகுதியை எழுதும்போது அம்மாவின் முகம் நினைவுக்கு வருகிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாத வீடு அவருக்கு வீடே இல்லை. அதனால் எதையும் தடை செய்யப் போவதில்லை. கொசுவர்த்திச் சுருளைத் தவிர.

2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று அளந்தது. அதைக் கட்டிலுக்கு அடியில் கொளுத்தி வைத்து, கதவைச் சாத்தி, குழந்தையைத் தூங்க வைக்கிறோம். மாற்று எளிது: ஜன்னல்களுக்கு வலை, கட்டிலுக்குக் கொசுவலை, மின்விசிறியின் வேகம். கொசு காற்றை எதிர்த்துப் பறக்கத் திராணியற்ற பூச்சி. திரவக் கொசுவிரட்டியில் புகை இல்லை என்பது உண்மை, ஆனால் அதிலிருந்து கிளம்புவதும் பூச்சிக்கொல்லி ஆவிதான். மாலையில் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு, படுக்கும் முன் அணைப்பது நல்லது.

ஊதுபத்தி மூன்றுக்குப் பதில் ஒன்று. ஜன்னல் திறந்திருக்கட்டும். கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று கடையில் விற்பது பெரும்பாலும் கரித்தூளும் வாசனைப் பொருளும் சேர்த்து அழுத்தியது. கொளுத்தினால் அறை முழுக்கத் துகள். அதைப் பால்கனியில் வைத்துக் கொளுத்தி, புகை அடங்கிய பின் உள்ளே கொண்டுவரலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்.

பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டுத் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது பற்றி மட்டும் உடன்பாடு கிடையாது. சின்ன நுரையீரல், வேகமான மூச்சு, முகத்துக்கு நேரே புகை. தலை உலர்வதற்குப் பருத்தித் துண்டு போதும். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

4. காற்றுக்கு வழி

ஜன்னலுக்குப் பழந்தமிழில் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வழி என்றால் அதற்கு இரண்டு முனை வேண்டும். ஒரே சுவரில் இரண்டு ஜன்னலைத் திறந்து வைத்தாலும் காற்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். எதிரெதிரே திறந்தால்தான் ஓடும். ஒற்றை ஜன்னல் உள்ள அறையென்றால் ஒரு மேசை விசிறியை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாற்போல் வைத்து, அறைக் கதவைத் திறந்துவிடுங்கள். விசிறி உள்ளிருப்பதை வெளியே தள்ளும், கதவு வழியே புதுக்காற்று வரும்.

எப்போது திறப்பது என்பது ஊரைப் பொறுத்தது. சென்னையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலை ஒட்டிக் கிளம்பும். அதன் பிறகு மாலை வரை திறந்து வைக்கலாம். டிசம்பர், ஜனவரி அதிகாலைகள் இதற்கு நேர்மாறு. இரவில் தரை குளிர்ந்து, அடியிலுள்ள காற்று மேலே எழாமல் படுத்துவிடும். வாகனப் புகையும் குப்பை எரித்த புகையும் அதற்குள் சிக்கிக்கொள்ளும். மார்கழி விடியலில் ஓசோன் நிறைந்திருக்கும், ஆழ்ந்து சுவாசியுங்கள் என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தரைமட்ட ஓசோன் நுரையீரலைப் புண்படுத்தும் வாயு. அது வெயிலில்தான் உருவாகும், விடியலில் குறைவாகவே இருக்கும். கோலம் போட எழுந்திருங்கள், ஓசோனுக்காக வேண்டாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் மணலி, ஆலந்தூர், வேளச்சேரி போன்ற நிலையங்களின் அளவீடு தெரியும். உங்களுக்கு அருகிலுள்ளதைப் பார்த்து ஜன்னல் நேரத்தை முடிவு செய்துகொள்ளலாம்.

ஏசி அறைக்கு வருவோம். ஏசி வெளியிலிருந்து புதுக்காற்றைக் கொண்டுவருகிறது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். ஸ்பிளிட் ஏசியில் வெளிப் பெட்டியிலிருந்து உள்ளே வருவது செம்புக் குழாய்க்குள் ஓடும் குளிரூட்டி மட்டுமே. அறைக்குள் சுற்றுவது அதே காற்று, நீங்கள் விட்ட அதே மூச்சு. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மூன்று பேர் கதவைச் சாத்திப் படுத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் 2000ஐத் தாண்டிவிடும். விஷமாகும் அளவு அன்று. ஆனால் காலையில் மண்டை கனத்து, தூங்கியும் தூங்காதது போல் எழுவதற்கு இதுவும் ஒரு காரணம். அறைக்குள் ஒருவருக்குச் சளிக் காய்ச்சல் என்றால் அதே காற்றில்தான் எல்லோரும். படுக்கும் முன் பத்து நிமிடம் ஜன்னலை விரியத் திறந்து வையுங்கள். இரவில் கூடத்துப் பக்கக் கதவை நான்கு விரல் அகலம் திறந்து விடுங்கள். மின்கட்டணம் சற்று ஏறும்.

5. ஈரம்

ஐப்பசி அடைமழையில் சுவர் ஊறி, கார்த்திகையில் அலமாரிக்குப் பின்னால் கருப்புப் புள்ளிகள் பூக்கும் வீடுகள் நிறைய. பூஞ்சையின் வித்துகள் காற்றில் கலந்து மூக்கடைப்பையும் இழுப்பையும் கிளப்பும். இங்கே எல்லோரும் செய்யும் தவறு, பூஞ்சைமீது பெயின்ட் அடிப்பது. அடுத்த மழைக்குள் பெயின்ட் கொப்பளித்துக்கொண்டு அது மறுபடி வெளியே வரும். முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்: மொட்டை மாடித் தரையின் விரிசலா, வெளிச்சுவரில் செல்லும் கழிவுநீர்க் குழாயா, மேல்வீட்டுக் குளியலறையா. நீர் நின்று, சுவர் காய்ந்த பிறகு, முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டினால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும்.

வெளிச்சுவரை ஒட்டி வைத்த பீரோவை ஒரு சாண் முன்னே இழுத்து வையுங்கள். துணியை அறைக்குள் காயவைப்பதாக இருந்தால் அந்த அறையின் ஜன்னலும் விசிறியும் ஓய்வெடுக்கக் கூடாது. ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருப்பது நல்லது. கடலோர ஊர்களில் நாள் முழுதும் அது கைகூடாது. ஏசி உள்ள படுக்கையறையில் மட்டுமாவது மழைக்காலத்தில் ‘டிரை’ முறையில் ஓடவிடலாம்.

6. தூசி

சுருக்கமாக. உலர்ந்த விளக்குமாறு தூசியை இடம் மாற்றும். ஈரத்துணி அள்ளிப் போகும். மின்விசிறி இறக்கையைத் துடைக்கப் பழைய தலையணை உறையை அதில் மாட்டி, அழுத்திப் பிடித்து உருவுங்கள். தூசி உறைக்குள்ளேயே விழும். ஏசியின் வலையை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். தலையணை உறை, படுக்கை விரிப்பை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். செருப்பு வாசலோடு நிற்கட்டும், அது நமக்குப் பழக்கம்தான்.

7. மணமும் நெடியும்

பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கறை சீக்கிரம் போகும் என்று சின்னக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்து மூச்சுத் திணறியவர்கள் உண்டு.

அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலீன். அது போட்ட பெட்டியிலிருந்து எடுத்த துணியை அப்படியே கைக்குழந்தைக்குப் போர்த்தக் கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். காய்ந்த வேப்பிலை போதும், அதையும் மாதம் ஒரு முறை மாற்றுங்கள்.

புதிதாக அலமாரி செய்யும்போது வரும் கண் எரிச்சல், பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு. வெப்பமும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும், அதாவது நம் ஊரில் கூடும். கசிவு குறைந்த இ0 அல்லது இ1 தரப் பலகை என்று ஆசாரியிடம் எழுதிக்கொடுங்கள். வெட்டிய ஓரங்கள் அனைத்தையும் பட்டை ஒட்டி மூடச் சொல்லுங்கள். வேலை முடிந்து சில வாரங்கள் கதவுகளைத் திறந்து, விசிறியை ஓடவிட்டு, பிறகு பொருள்களை அடுக்குங்கள். பழைய வீட்டில் பெயின்ட்டைச் சுரண்டுவதென்றால் குழந்தைகளை அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முந்தைய பூச்சில் என்ன இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. நீர் தெளித்து, ஈரமாகவே தேய்க்கச் சொல்லுங்கள்.

மூக்குக்கே தெரியாத ஒன்று கார்பன் மோனாக்சைடு. எரிவாயுவில் ஓடும் கீசரைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் போனால் குளிருக்காகக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்காதீர்கள். தணல் சாம்பல் பூத்த பிறகும் அந்த வாயு வந்துகொண்டே இருக்கும்.

8. இனி இயந்திரம்

மேலே சொன்னதையெல்லாம் செய்த பிறகும் சாலை வாசலிலேயே இருக்கிறது, பக்கத்து மனையில் கட்டடம் எழும்புகிறது, வீட்டில் ஆஸ்துமா நோயாளி இருக்கிறார் என்றால் காற்று சுத்திகரிப்பான் வாங்குங்கள். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருக்க வேண்டும். அடுத்து, சிஏடிஆர் என்ற எண். சுத்தமான காற்றை எவ்வளவு வேகமாகத் தருகிறது என்பதைச் சொல்வது. கணக்கு இதுதான்: அறையின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து மூன்றில் இரண்டாகக் குறைத்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடி வேண்டும் என்பது கிடைக்கும். 120 சதுர அடி அறைக்கு 80 கன அடி, மணிக்கு 136 கன மீட்டர். இது எட்டடிக் கூரைக்கான கணக்கு. நம் கூரை பத்தடி என்பதால் கால் பங்கு கூட்டி 170 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் சத்தம் தாங்காமல் வேகத்தைக் குறைப்பீர்கள் என்பதால் இன்னும் ஒரு படி பெரியதாக வாங்குவதே புத்திசாலித்தனம். மாற்று வடிகட்டியின் விலையை வாங்கும் முன் கேளுங்கள். ஓசோனை உமிழும் கருவி எதுவும் வேண்டாம். வடிகட்டி கரியமில வாயுவைப் பிடிக்காது என்பதால் ஜன்னல் வேலை தொடரும்.

இயந்திரத்துக்குப் பதில் செடி வைக்கலாமே என்பார்கள். 1989இல் நாசா செய்த ஆய்வு, மூடிய சிறு பெட்டிக்குள் செடிகள் சில வாயுக்களைக் குறைப்பதைக் காட்டியது. வீடு மூடிய பெட்டி இல்லை. முப்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019இல் வெளியான மதிப்பீடு ஒன்று, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடு கொடுக்கச் சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடி வேண்டும் என்றது. அந்த 120 சதுர அடி அறைக்கு நூற்றுப் பத்துத் தொட்டிகள். கட்டிலை எங்கே போடுவது? மணி பிளாண்ட் அழகுக்கு இருக்கட்டும், பாட்டில் தண்ணீரில் கொசுப்புழு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு இயந்திரம் ஆண்டின் பெரும்பகுதி உறை போட்டு மூலையில் நிற்கிறது. தீபாவளி இரவும் போகியும் அதற்கு வேலை நாள்கள். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தால் விமானங்களே தடைப்பட்டன. அப்படிப்பட்ட காலையில் ஜன்னலைத் திறந்து பயனில்லை. முந்தைய இரவே எல்லாவற்றையும் சாத்தி, வாசல் கதவின் அடி இடுக்கில் ஈரத்துண்டைச் சுருட்டி வைத்து, எல்லோரும் ஒரே அறையில் படுத்துக்கொள்கிறோம். இயந்திரம் முழு வேகத்தில் ஓடுகிறது. அன்று வறுவல் பொரியல் இல்லை, இட்லியும் சட்னியும்தான். மதியம் கடற்காற்று திரும்பி, சமீரில் எண் இறங்கியதும் கிழக்கு ஜன்னலையும் எதிர்ப்பக்கத்து பால்கனிக் கதவையும் ஒன்றாகத் திறக்கிறேன். மறுநாள் பொங்கல் பானை பால்கனியில்தான் ஏறும்.